சொந்த வண்டியும் இரவல் உரிமமும்

பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்திற்குச் செல்லும் சாலையில் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பினாங்கு மக்கள் நாள்தோறும் காண்கின்றனர். சுமையுந்து என்று வகுப்பறையில் எழுதச் சொல்கிறோம். ஆயினும் அதனை ஓட்டுகிறவரும் அதில் ஏற்றியிறக்குகிறவரும் லாரி என்றே சொல்வதால், இக்கட்டுரையிலும் அப்படியே வழங்குவோம். அந்த லாரிகளின் கதவுகளை ஊன்றிப் பார்ப்பவர்க்கு ஒரு சிறு வரலாறு புலப்படும். அங்கே ஒரு நிறுவனத்தின் பெயரும் முகவரியும் எழுதப்பட்டிருக்கும். வெறும் வண்டியின் எடையும் சுமையோடு கூடிய எடையும் எண்களாக இருக்கும். அவற்றோடு 'ஏ' அல்லது 'சி' என்னும் ஓர் எழுத்தும் இருக்கும். கதவில் பெயருள்ள நிறுவனமே வண்டியின் உடைமையாளர் என்று பார்ப்பவர் எண்ணுவது இயல்பு. பல வண்டிகளில் அஃது உண்மையன்று. மாதத் தவணை கட்டுகிறவர் ஒருவர். கதவில் பெயருள்ளவர் இன்னொருவர். வண்டி ஒருவருடையதாகவும், அதனை ஓட்டிப் பிழைக்கும் உரிமை வேறொருவருடையதாகவும் பிரிந்தது எவ்வாறு, அப்பிரிவு இந்நாட்டில் நிலைத்தது எதனால் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுமைவண்டித் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. சங்கப் பாடல்களில் வரும் உமணரை மாணவர் அறிவர். கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி, மனைவி மக்களோடு உள்நாடு சென்று, உப்பைக் கொடுத்து நெல் பெற்று வாழ்ந்தவர் அவர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், பொகுட்டெழினி என்னும் தலைவனை உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார். மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் எந்த இடத்தில் அச்சு முறியும் என்று யாரும் சொல்ல இயலாது; ஆதலால் இன்னோர் அச்சைக் கையோடு கொண்டு செல்வர். இன்றைய லாரியின் அடியில் தொங்கும் மாற்றுச் சக்கரத்தைக் காணும்போதெல்லாம் அப்பாடல் நினைவுக்கு வரும். நமக்கு இங்கே வேண்டிய செய்தி வேறு. உமணரின் வண்டியும் அவருடையது, மாடும் அவருடையது, ஏற்றிய உப்பும் அவருடையது. பெரும்பாணாற்றுப்படை சுங்கம் வாங்கும் பெருவழிகளைச் சொல்கிறது. அரசனுக்குரிய சுங்கத்தைச் செலுத்தினால் வழி திறந்தது. இக்காலச் சட்டமொழியில் சொல்வதானால், உமணர் தம் சொந்தப் பொருளைத் தாமே சுமக்கும் 'சி' உரிமக்காரர். பிறர் பொருளைக் கூலிக்குச் சுமக்கும் தொழில் பெருகிய பிறகே நம் கேள்வி பிறக்கிறது.

பினாங்கில் அது தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது. பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு இத்தீவைக் கும்பெனியின் பெயரால் கைக்கொண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1794இல் அவர் எழுதிய கடிதத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியரைப் பற்றிய குறிப்பு உண்டு. கடைக்காரராகவும் கூலிகளாகவும் ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்கே குடியிருந்தனர் என்றும், ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, சிறிது பொருளீட்டிக்கொண்டு ஊர் திரும்ப, அவர்கள் இடத்திற்கு வேறு சிலர் வந்தனர் என்றும் அவர் எழுதுகிறார். ஸ்வெட்டன்ஹாம் துறைமேடை 1904இல் அமையும்வரை, பெரிய கப்பல்கள் நடுநீரில் நங்கூரமிட்டே நின்றன. சரக்கைத் தோணிகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். கரையிலிருந்து தலைச்சுமையாகவும் மாட்டுவண்டியிலும் பீச் ஸ்திரீட் கிடங்குகளுக்குச் சேர்க்க வேண்டும். இவ்விரு வேலைகளிலும் தமிழர், முஸ்லிம்களும் இந்துக்களும், பெருமளவில் ஈடுபட்டனர்.

அவர்கள் குழுக்களாகக் கிட்டங்கிகளில் தங்கினர். ஒரு குழுவுக்கு ஒரு தண்டல். படகின் தலைவனைக் குறித்த அந்தத் தமிழ்ச் சொல் மலாய் மொழியில் 'தண்டில்' என வழங்கி, கூலிகளின் மேலாளைக் குறித்தது. நம் சொற்கள் பிறமொழிக்குச் சென்றதைப் பெருமையோடு சொல்லும் நாம், எந்த வகைச் சொற்கள் சென்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கப்பலும் தண்டலும் போயின; இரண்டும் சுமையோடு தொடர்புடையவை. தண்டலின் வேலை சுமப்பதன்று. கப்பல் முகவரிடம் பேசி வேலையைப் பிடிப்பதும், ஆட்களைப் பங்கிடுவதும், கூலியை வாங்கித் தன் பங்கை எடுத்துக்கொண்டு எஞ்சியதைப் பகிர்வதும் அவன் தொழில்கள். சுமப்பவனுக்கும் சுமையின் உரிமையாளனுக்கும் இடையே ஒருவன் நின்றான். அவனிடம் இருந்தது வண்டியோ தோணியோ அன்று. வேலை தருவோரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையே ஒரு முதலாயிற்று.

மாட்டுவண்டிக்காரரின் நிலை இதனினும் சற்று மேம்பட்டது. வண்டியையும் ஒரு சோடி மாட்டையும் உடையவன் தனக்கென ஒரு முதல் உடையவனாவான். நகராட்சிக்குக் கட்டணம் செலுத்தி எண் பெற்றுவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் சுமை இழுக்கலாம். பர்மா சாலையை இன்றும் ஹொக்கியன் மொழியில் 'தண்ணீர் வண்டிச் சாலை' என்னும் பொருள்படவே அழைக்கின்றனர். அவ்வழியே நீர் சுமந்த வண்டிகள் சென்றதன் நினைவு அது. தைப்பூசத்தில் நகரத்தாரின் வெள்ளி இரதத்தைக் காளைகள் இழுத்துத் தண்ணீர்மலைக்குச் செல்லும் வழக்கம் இருந்ததால், லாரிகளையே கண்டு வளர்ந்த பினாங்குப் பிள்ளைகளும் நுகத்தில் பூட்டிய மாட்டைப் பார்த்திருக்கின்றனர். நிற்க. வண்டி சொந்தமானாலும் சுமை சொந்தமன்று. நாளெல்லாம் துறையில் காத்திருந்து கிடைத்ததை ஏற்றுவதா, அன்றி ஒரு பெருவணிகரின் கிடங்கோடு ஒட்டிக்கொண்டு குறைந்த கூலிக்கு நிலையான வேலை செய்வதா என்னும் கேள்வி மாட்டுவண்டிக் காலத்திலேயே எழுந்துவிட்டது. இன்றைய லாரிக்காரரின் கேள்வியும் அடிப்படையில் அதுவே. அக்கால வண்டிக்காரன் ஒன்றில் மட்டும் இவரைவிட நற்பேறு பெற்றவன்: வண்டியில் தொங்கிய எண் அவனுடையது.

இவ்விடத்தில் ஒரு மலாய்ச் சொல்லை அறிந்துகொள்வது நன்று. லாரிக்காரரும் டாக்சிக்காரரும் உரிமத்தை வாடகைக்கு எடுப்பதைப் 'பாஜாக்' என்பர். அடகுக் கடைக்கும் மலாயில் 'பாஜாக் காடாய்' என்றே பெயர். இச்சொல்லுக்குப் பினாங்கில் நெடிய வரலாறு உண்டு. தீவின் தொடக்கக் காலத்திலிருந்தே அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் வருவாயைக் கும்பெனி தானே தண்டவில்லை. ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. குத்தகைதாரர் அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, விற்கும் உரிமையைச் சிறு கடைக்காரர்களுக்குக் கூறுபோட்டுக் கொடுத்து, இடையிலுள்ள ஆதாயத்தைத் தாம் எடுத்துக்கொண்டார். அதற்கும் பாஜாக் என்றே பெயர். 1910ஆம் ஆண்டு அபின் விற்பனையை அரசு தானே மேற்கொண்டபோது அம்முறையின் முதுகெலும்பு முறிந்தது. சொல் மட்டும் மறையவில்லை. அதன் பொருளும் மாறவில்லை. அரசிடமிருந்து ஓர் உரிமையைப் பெறுவது, அதனைப் பயன்படுத்தித் தொழில் செய்யாமல், தொழில் செய்வோரிடம் வாடகை வாங்குவது: நூறாண்டுக்கு முந்திய அபின் குத்தகையும் இன்றைய உரிம வாடகையும் இவ்வகையில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் லாரி பெருகியது. மாட்டுவண்டியைப் போலன்றி, அது நெடுந்தொலைவு ஓடக்கூடியது. ஆகையால் இரயிலோடு மோதியது. இம்மோதலை முதலில் சட்டத்தால் அடக்கிய நாடுகளில் ஒன்று பிரிட்டன். 1933ஆம் ஆண்டு அந்நாடு நிறைவேற்றிய சாலை-இரயில் போக்குவரத்துச் சட்டம் சுமைவண்டி உரிமங்களை மூவகையாகப் பிரித்தது. பிறர் பொருளைக் கூலிக்கு ஏற்றுவோர்க்கு 'ஏ'. தம் பொருளையும் பிறர் பொருளையும் ஏற்றுவோர்க்கு 'பி'. தம் பொருளை மட்டும் ஏற்றுவோர்க்கு 'சி'. இவற்றுள் 'சி' எளிதில் கிடைத்தது. 'ஏ' கிடைப்பது அரிது. புதிதாகக் கேட்பவர், ஏற்கெனவே உள்ளவர்களின் மறுப்புக்கு விடை சொல்லி, தம் வண்டிக்குத் தேவை இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். இந்தியாவில் 1939ஆம் ஆண்டு வந்த மோட்டார் வாகனச் சட்டமும் பொதுச் சுமைக்கு ஓர் அனுமதி, தனியார் சுமைக்கு இன்னோர் அனுமதி என்று பிரித்தது. பிரிட்டன் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன் எழுத்துகளைக் கைவிட்டு, வண்டியைச் செம்மையாகப் பேணுவோர்க்கெல்லாம் உரிமம் என்னும் முறைக்கு மாறியது. மலேசிய லாரிகளின் கதவில் 'ஏ'யும் 'சி'யும் இன்றும் இருக்கின்றன. தாய்வீட்டில் கைவிடப்பட்ட வழக்கம் புகுந்த வீட்டில் போற்றப்படுவது உலகில் அரிதன்று.

இரயிலைக் காக்கவும் சாலையில் ஒழுங்கை நிலைநாட்டவும் பிறந்த சட்டம் ஓர் எதிர்பாராத விளைவைத் தந்தது. எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட எப்பொருளுக்கும் விலை ஏற்படும். உரிமம் என்பது ஒரு தாள்தான். ஆயினும் அது கிடைக்காதவர் பலராகவும் கிடைத்தவர் சிலராகவும் இருந்தால், அத்தாளே வண்டியைவிட மதிப்புடையதாகிவிடும்.

இதனை மிகத் தெளிவாகக் காட்டும் நாடு அமெரிக்கா. அங்கே 1935ஆம் ஆண்டு மோட்டார் சுமைச் சட்டம் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் சுமை ஏற்ற விரும்புவோர் மைய ஆணையத்திடம் 'அதிகாரம்' பெற வேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்தப் பொருளை ஏற்றலாம் என்பதெல்லாம் அந்த அதிகாரத்தில் அடங்கும். வேளாண் விளைபொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சொந்தமாக ஒரு லாரி வாங்கிய ஓட்டுநர், தக்காளி ஏற்றிச் செல்லத் தடையில்லை; திரும்பி வரும்போது துணி ஏற்ற வேண்டுமானால் அதிகாரம் பெற்ற ஒரு நிறுவனத்தோடு தம் லாரியையும் தம்மையும் ஒப்பந்தத்தால் பிணைத்துக்கொள்ள வேண்டும். லாரியின் கதவில் அந்நிறுவனத்தின் பெயர் ஏறும். 1973இன் எண்ணெய் நெருக்கடியில் டீசல் விலை ஏறியபோது, இத்தகைய ஓட்டுநர்கள் நெடுஞ்சாலைகளை மறித்துப் போராடினர். அவர்களுக்கென ஒரு சங்கமும் அவ்வாண்டில் தோன்றியது. 1980இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் பழைய கதவுகளைத் திறந்தது. சொந்த அதிகாரம் பெறுவது எளிதாயிற்று.

அவ்வாறு எளிதான பின்னும் எல்லாரும் தனித்துச் செல்லவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. இன்றும் ஏராளமானோர் நிறுவனங்களோடு பிணைந்தே ஓட்டுகின்றனர். தனியே செல்பவர் காப்புறுதியைத் தாமே வாங்க வேண்டும்; சுமையைத் தாமே தேட வேண்டும்; பணம் வருமட்டும் தாமே காத்திருக்க வேண்டும். பிணைந்து செல்பவர் வருவாயில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து இச்சுமைகளை நிறுவனத்தின் தோளுக்கு மாற்றுகிறார். பங்கு பெரிதா, கவலை பெரிதா என்னும் கணக்குத்தான் அது. அந்நாட்டில் அந்தக் கணக்கு வெளிச்சத்தில் போடப்படுகிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும்; கூலி எவ்வளவு என்பது அதில் விளங்க வேண்டும்; உரிய தாள்களை ஒப்படைத்த 15 நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும்; பிடித்தம் செய்த முன்பணத்தை ஒப்பந்தம் முடிந்த 45 நாளுக்குள் திருப்பித்தர வேண்டும் என்றெல்லாம் விதிகள் உள. விதிகள் மீறப்படுவதும் உண்டு. ஆனால் மீறப்பட்டது என்று வழக்காட ஒரு தாள் கையில் இருக்கிறது.

நம் நாட்டிற்கு வருவோம். 1958ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் உரிமம் வழங்கும் வாரியமே வணிக வண்டிகளின் தலையெழுத்தை எழுதியது. 1969இல் பினாங்கு தன் சுங்கமில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகத் தீவை வாழவைத்த கடல் வாணிகம் தளர்ந்தது. துறையை நம்பியிருந்த கிட்டங்கித் தொழிலாளர் பலர் வேறு தொழில் தேடினர். 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கியது. மின்னணுப் பொருள்கள் ஆலைகளிலிருந்து விமான நிலையத்திற்கும், படகுத்துறை வழியே பெருநிலத்திற்கும் செல்லத் தொடங்கின. 1985இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபின், படகுக்குக் காத்திருந்த லாரிகள் இரவிலும் பகலிலும் கடலைக் கடந்தன. லாரித் தொழிலுக்கு அது நல்ல காலம். தலைச்சுமைக்காரரின் பிள்ளைகள் லாரி ஓட்டுநரானதும், ஓட்டுநரில் சிலர் சேமித்தும் கடன்பட்டும் சொந்த லாரி வாங்கியதும் இக்காலத்தில்தான்.

அதே காலத்தில் உரிமத்தின் கணக்கும் மாறியது. 1970இல் நாட்டின் நிறுவனப் பங்குடைமையில் பூமிபுத்ராக்களின் பங்கு 2.4 விழுக்காடு, இந்தியர்களுடையது 1.1 விழுக்காடு, பெரும்பகுதி வெளிநாட்டாரிடம் இருந்தது. 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை முதற்குழுவினரின் பங்கை 30 விழுக்காடாக உயர்த்த இலக்கு வகுத்தது. போக்குவரத்து உரிமங்கள் அதற்குரிய கருவிகளுள் ஒன்றாயின. கொள்கலன் ஏற்றும் தொழிலிலும் முதலில் 1971இல் நிறுவப்பட்ட கொந்தேனா நேஷனல் ஒன்றே இருந்தது. பின்னர்ச் சில நிறுவனங்களே சேர்க்கப்பட்டன. கொள்கையின் நோக்கத்தை இங்கே ஆராய வேண்டியதில்லை. நடைமுறையில், உரிமம் பெற்றோர் அனைவரும் லாரி வாங்கி ஓட்டவில்லை. லாரி வாங்கி ஓட்ட வல்லோர் அனைவர்க்கும் உரிமம் கிட்டவில்லை. இவ்விரு கூட்டத்தாரும் சந்தித்த இடத்தில் பழைய பாஜாக் மீண்டும் தழைத்தது. உரிமத்தை வாடகைக்கு விட்டவர் எல்லா இனத்தாரிலும் உளர். வாடகைக்கு எடுத்தவரும் எல்லா இனத்தாரிலும் உளர். இதனை இனச் சிக்கலாக மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

1987ஆம் ஆண்டு வணிக வாகன உரிம வாரியச் சட்டம் வந்தது. 2010இல் தரைவழிப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் வந்து புதிய ஆணையம் அமைந்தது. 2019 தொடங்கி அதன் பொறுப்பைத் தரைவழிப் பொதுப் போக்குவரத்து நிறுவனம் ஏற்றது. வாரியம் ஆணையமாகி, ஆணையம் நிறுவனமானபோதும், உரிமத்தைப் பெற்றவர் அதனைப் பிறர்க்கு மாற்றலாகாது என்னும் விதி மாறவில்லை. விதியும் வழக்கமும் இருவேறு சாலைகளில் ஓடின.

எம் பள்ளியில் ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் பதிவேட்டை நிரப்பும்போது, தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் சிலர் 'லாரி ஓட்டுநர்' என எழுதுவர்; சிலர் 'சொந்தத் தொழில்' என எழுதுவர். இரண்டாமவரில் ஒருவர் பிள்ளையை அழைத்துப்போக வந்தபோது அவருடைய லாரியைக் கண்டேன். கதவில் ஈப்போவிலுள்ள ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. அவர் எழுதியது பொய்யன்று. வண்டியின் தவணை, டயர், பழுது, எண்ணெய், ஆறு மாதத்திற்கொரு முறை செய்ய வேண்டிய பரிசோதனை ஆகிய யாவும் அவர் கையிலிருந்தே போகின்றன. இழப்பு வந்தால் அவருடையது. இழப்பைச் சுமக்கிறவனே முதலாளி என்றால் அவர் முதலாளிதான். ஆயின் வண்டியின் பதிவுப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை.

இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உரிமம் வண்டியோடு ஒட்டியது. ஆகவே வண்டியும் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாகிறது. வங்கிக் கடனும் பெரும்பாலும் அப்பெயரிலேயே எழுதப்படுகிறது. தவணை கட்டுகிறவரிடம் இருப்பது நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒரு தனிப்பட்ட கடிதம், அதுவும் இருந்தால். அந்நிறுவனம் நொடித்துப்போனால், கடன்கொடுத்தோர் வந்து பற்றும் சொத்துகளில் இவருடைய லாரியும் ஒன்று. உரிமம் வைத்திருப்பவர் அடுத்த ஆண்டு வாடகையை உயர்த்தினால், இவர் மறுத்து எங்கே செல்வார்? வண்டியை எடுத்துச் செல்லலாம் என்றால் பத்திரம் அவர் பெயரில். விட்டுச் செல்லலாம் என்றால் கட்டிய தவணைகள் போயின. அமெரிக்க ஓட்டுநரின் பிணைப்பைச் சட்டம் ஏற்றுக்கொண்டு அதற்கு விதி செய்தது. நம் நாட்டில் அப்பிணைப்பே சட்டத்திற்கு மாறானது. ஆதலால் அதற்குள் நடக்கும் அநீதிக்கு நீதிமன்றத்தில் முறையிடுவதும் எளிதன்று. தடை செய்யப்பட்ட ஒப்பந்தத்தில் ஏமாந்தவன், தானும் அத்தடையை மீறியவனாக நிற்கிறான். வலிமையற்றவனைக் காக்கப் பிறந்த தடை, மறைவில் அவனையே தனியாக விட்டுவிடுகிறது.

அப்படியானால் அவர்கள் சொந்த உரிமம் பெறலாகாதா எனக் கேட்கலாம். பெறலாம், அதற்கு ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, முதலைக் காட்டி, கணக்காயரையும் செயலாளரையும் அமர்த்தி, அலுவலகமும் வண்டி நிறுத்துமிடமும் உண்டு என மெய்ப்பிக்க வேண்டும். ஒரே லாரி உடையவர்க்கு இவை வண்டியைவிடக் கனமான சுமைகள். இவற்றைத் தாண்டினாலும் இன்னொன்று இருக்கிறது. ஆலைகளும் சரக்கு முகவர்களும் ஒரு லாரிக்காரரோடு நேரே ஒப்பந்தம் செய்ய விரும்புவதில்லை. இருபது லாரி கேட்டால் இருபதும் வந்து நிற்க வேண்டும் அவர்களுக்கு. சுமையை இறக்கிய அன்றே பணம் வருவதில்லை. மாதங்கள் கழிந்தே வரும். எண்ணெய்க்கோ அன்றே பணம் வேண்டும். தனி உரிமம் பெற்ற சிலர் ஓரிரு ஆண்டில் மீண்டும் ஒரு பெரிய நிறுவனத்தின் கீழ் ஓடத் தொடங்கியதற்கு இதுவே காரணம். அவர்களைத் துணிவற்றோர் என்று சொல்லுதல் தகாது.

தமிழகத்தின் நாமக்கல் இதற்கு நல்ல சான்று. வறண்ட அந்நிலப் பகுதி லாரிக்கும், லாரிக்கூண்டு கட்டும் தொழிலுக்கும், எரிவாயு ஏற்றும் டேங்கர் லாரிகளுக்கும் பெயர்பெற்றது. உழவர் குடியில் பிறந்து கிளீனராகச் சேர்ந்து, ஓட்டுநராகி, கூட்டுச் சேர்ந்து ஒரு லாரி வாங்கி, பின் தனி லாரி வாங்கியோர் கதைகள் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. இந்தியாவில் 1975இல் தேசிய அனுமதித் திட்டம் வந்தது. தொடக்கத்தில் அதுவும் எண்ணிக்கை வரையறை உடையதாகவே இருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பொது அனுமதி, தனியார் அனுமதி என்ற பழைய பிரிவை அகற்றி, சரக்கு வண்டிக்கு அனுமதி பெறுவதை எளிதாக்கியது. ஒரு லாரிக்காரரும் தம் பெயரிலேயே அனுமதி பெற்று, முகப்பில் தம் குலதெய்வத்தின் பெயரையும் தம் மகளின் பெயரையும் எழுதி ஓட்டலாம். இவ்வளவு இருந்தும், சுமையைக் கொடுப்பது லாரி புக்கிங் அலுவலகம். வாடகையில் தரகு கழிகிறது. ஒரு பகுதி முன்பணமாகவும் எஞ்சியது சரக்கு சேர்ந்த பின்னும் கிடைக்கிறது. போகும்போது சுமை, வரும்போது வெற்று வண்டி என்றால் அந்தப் பயணத்தில் ஆதாயமில்லை. ஆதலால் திரும்புசுமை தேடித் தெரியாத ஊரில் நாட்கணக்கில் நிற்பர். அனுமதித்தாள் விடுதலையானாலும் சுமை விடுதலையாகவில்லை. மாட்டுவண்டிக் காலத்துத் தண்டல், புக்கிங் அலுவலகத்தில் மேசை போட்டு அமர்ந்திருக்கிறான் எனலாம். ஆயினும் நாமக்கல் லாரிக்காரர் ஒரு தரகரிடம் சினந்தால் அடுத்த தரகரிடம் செல்வார். வண்டி அவரோடு போகும். பினாங்கு லாரிக்காரர்க்கு அந்த வழி இல்லை. இரண்டும் அடிமைத்தனமே என்று சிலர் சொல்வர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

இதுகாறும் கூறியன உரிமையாளரின் வருவாயைப் பற்றியவை. சாலையில் செல்லும் பிறரின் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் பின்னிரவில், கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில், திரெங்கானுவின் ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிம் நோக்கிச் சென்ற பேருந்து ஒன்று காருடன் மோதிக் கவிழ்ந்தது. அதில் சென்றவர் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களுள் 15 பேர் மாண்டனர். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய அந்நிறுவனத்தில் படித்து, நாளை வகுப்பறைகளில் நிற்க வேண்டியவர்கள் அவர்கள். அச்செய்தியைக் கேட்ட அன்று ஆசிரியர் அறையில் பேச்சு எழவில்லை. விசாரணையில், பேருந்தின் உரிமத்தைப் பெற்ற நிறுவனம் அதனை வேறொருவர்க்கு வாடகைக்கு விட்டிருந்தது தெரியவந்தது. அந்நிறுவனத்தின் உரிமம் பறிக்கப்பட்டது. அது பேருந்தாயினும் நோய் ஒன்றே. கதவில் பெயருள்ளவர் வண்டியைப் பேணுவதில்லை. பேணுகிறவர்க்குச் சட்டத்தின்முன் பெயரில்லை. பிரேக் தேய்ந்ததை அறியும் கடமை யாருடையது என்று கேட்டால் இருவரும் மற்றவரைக் காட்டலாம். வாடகை கட்டிய பின் எஞ்சுவதில்தான் டயர் வாங்க வேண்டும் என்னும்போது, எந்தச் செலவு தள்ளிப்போடப்படும் என்பதைக் கணக்கு ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் உரிம வாடகையை ஒழிக்கப் போவதாக அரசு உறுதி கூறியது. ஒழிப்பது நன்றே. ஆயின் இன்று வாடகை உரிமத்தில் ஓடும் ஒற்றை லாரிக்காரர் எங்கே செல்வார் என்பதற்கும் விடை வேண்டும். தனி நிறுவனம் தொடங்குவோர் சிலரே இருப்பர். வண்டியை விற்றுவிட்டு மாதச் சம்பளத்திற்கு ஓட்டுவோர் பலராகலாம். மூன்றாவதாக ஒரு வழி நம் சமூக வரலாற்றிலேயே உண்டு. 1950களிலும் 1960களிலும் வெள்ளையர் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தோட்டத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்றனர். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கிற்கு மாதம் பத்து வெள்ளி எனத் தொழிலாளர் கட்டினர். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் தொடக்கத்தில் வாங்கப்பட்டவற்றுள் ஒன்று. தனியொருவர்க்கு எட்டாத நிலப்பத்திரம் சங்கத்தின் பெயரில் வந்தது. டாக்சித் துறையிலும் கூட்டுறவுச் சங்கங்கள் உரிமம் பெற்றதுண்டு. பத்து லாரிக்காரர் ஒன்றுகூடி ஒரு சங்கத்தின் பெயரில் உரிமம் பெற்றால், கதவில் எழுதப்படும் பெயரில் அவர்கள் எல்லார்க்கும் பங்கிருக்கும். இருபது லாரி கேட்கும் ஆலையோடும் பேச இயலும்.

இதனை லாரித் தொழிலில் பல்லாண்டு பழகிய ஒருவரிடம் சொன்னபோது அவர் ஒரு தடையைக் கூறினார். தோட்டம் ஓரிடத்தில் நிற்கும், எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம். லாரி ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரில் ஓடும். சங்கத்தின் பத்து லாரிகளில் ஒன்று அளவுக்கு மீறிச் சுமையேற்றிப் பிடிபட்டாலும், விபத்துக்குள்ளானாலும், உரிமம் பத்துப் பேருக்கும் போய்விடும். அந்தப் பத்தாவது ஆளை யார் கண்காணிப்பது என்று கேட்டார். ஒவ்வொரு லாரியிலும் செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி பொருத்தலாம், சுமை ஏற்றும்போதே எடை பார்க்கலாம், பழுதுச் செலவைச் சங்கமே முன்கூட்டிப் பிடித்து வைக்கலாம் என்றேன். பழுதுப் பணத்தை முன்கூட்டிப் பிடிப்பதற்கு மட்டும் தலையசைத்தார். மற்ற இரண்டுக்கும், ஓட்டுநர்கள் ஒப்புக்கொள்வது கடினம் என்றார்.